பாட்டி இறந்ததை அவன் எழுதவில்லை: அமெரிக்கக் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

நான் இங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மே மாதம் மதிப்பெண்கள் வந்ததும், நிதியுதவி வாங்கும் ஒவ்வொரு மாணவரின் கணக்கையும் சரிபார்ப்போம். தகுதி இழந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அந்த மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பையன் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். மேசையில் இருந்த பெயரைப் படித்ததும், பாதி ஆங்கில வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, "ஆன்ட்டி, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றான்.

நினைத்தாலும் நான் சொல்ல முடியாது. மாணவர்களின் விவரங்களைப் பாதுகாக்க 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் விவரம் பற்றிய உரிமை அவனுடையது. ஃபீஸ் கட்டுவது நீங்களாகவே இருந்தாலும், அவன் சம்மதம் தராமல் நாங்கள் பொதுவாக உங்களிடம் பேசுவதில்லை. ஆகவே இந்தச் செய்தி உங்களுக்கு வர ஒரே வழி உங்கள் பிள்ளையின் வாய்தான். அந்த வாய் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல். (அந்தப் பையனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

நின்ற உதவியைத் திரும்பத் தரும்படி கேட்டு அவன் கொண்டுவந்த அப்பீல் கடிதத்தில் மூன்றே வரிகள். "நான் சோம்பேறியாக இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இனி கடுமையாக உழைப்பேன்." ஆனால் அவன் மதிப்பெண் பட்டியலில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் கால்குலஸும் ஒரே நாளில், நவம்பர் தொடக்கத்தில், வித்ட்ரா ஆகியிருந்தன, அதாவது பாதியிலேயே விடப்பட்டிருந்தன. சோம்பேறிகள் அப்படி ஒரே நாளில் இரண்டை விடுவதில்லை. "அக்டோபர்ல என்னப்பா நடந்தது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். தென்காசிப் பக்கம் அவனுடைய பாட்டி தவறிவிட்டார். எல்லோருமாகக் கிளம்பிப் போய், பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்ப மூன்று வாரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் லேப் எல்லாம் போயிருந்தது. "இதை ஏன் எழுதல?" என்றேன். "வீட்டு விஷயத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்வாங்க" என்றான்.

விதி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரசு நிதியுதவி தொடர வேண்டுமானால் மாணவர் 'சேட்டிஸ்ஃபேக்டரி அகாடமிக் ப்ராக்ரஸ்' காட்ட வேண்டும். அலுவலகங்களில் சுருக்கமாக 'சாப்' என்போம். ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், பெரும்பாலான இடங்களில் குறைந்தது 2.0 வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: எடுத்த கிரெடிட்டில் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் அளவு எண்) எத்தனையை முடித்தான் என்ற கணக்கு. பட்டப்படிப்புக்கு 120 கிரெடிட் என்றால், அதில் ஒன்றரை மடங்கான 180 கிரெடிட்டை எடுப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதிலிருந்து வருவதுதான், எடுத்ததில் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகளில் இருக்கும் அளவு. செமஸ்டர் தொடக்கத்தில் பாடங்களை மாற்றிக்கொள்ள விடும் ஆட்-டிராப் காலம் தாண்டி விட்ட பாடத்துக்கு 'டபிள்யூ' போடுவார்கள். அது ஜிபிஏவைத் தொடாது. அதனால் பிள்ளைகள் அதை ஆபத்தில்லாத வழி என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கில் அது எடுத்தும் முடிக்காத பாடம்தான்.

நம் பையன் முதல் செமஸ்டரில் 15, இரண்டாவதில் 15, ஆக 30 கிரெடிட் எடுத்தான். வித்ட்ரா செய்த இரண்டு பாடங்கள் 8 கிரெடிட். வசந்த செமஸ்டரில் ஒரு 3 கிரெடிட் பாடத்தில் எஃப். மீதி 19. முப்பதுக்குப் பத்தொன்பது, 63 சதவீதம். ஜிபிஏ 2.8 வைத்திருந்த பிள்ளைக்கு உதவி நின்றது. அவனுடைய பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவி), அரசுக் கடன், நிதியுதவியாகக் கிடைக்கும் வொர்க்-ஸ்டடி பகுதிநேர வேலை எல்லாம் சேர்ந்து நின்றன. பெல் கிராண்ட் 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலர். வருமானம் அதிகம் என்று அது கிடைக்காத வீடுகளும், முதலாம் ஆண்டில் 5,500 டாலர் வரை கிடைக்கும் அரசுக் கடனை இதே விதியால் இழக்கும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவி கிடையாது, ஆனால் அவர்களுக்குக் கல்லூரியே தரும் ஸ்காலர்ஷிப்புகளிலும் இதுபோன்ற நிபந்தனைகள் இருப்பதுண்டு, வாங்கிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

அதே கணக்கை இன்னொரு செமஸ்டர் தள்ளிப் பார்க்கலாம். அடுத்த 15 கிரெடிட்டையும் முடித்தால் 45-க்கு 34, அதாவது 75 சதவீதத்துக்கு மேல். ஒரே செமஸ்டரில் எழுந்துவிடக்கூடிய விழுதல் இது. அந்த ஒரு செமஸ்டரை அவனுக்கு வாங்கித் தருவதுதான் அப்பீல்.

எந்தக் காரணத்தை ஏற்கலாம் என்று மத்திய அரசின் விதியிலேயே எழுதியிருக்கிறது: உறவினர் மரணம், மாணவரின் காயம் அல்லது நோய், பிற சிறப்புச் சூழ்நிலைகள். உறவினர் மரணத்தைத்தான் முதலில் போட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு மன்னிப்பு கேட்கிறார்கள். மன்னிப்பை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடியாது. என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது, இந்த இரண்டும்தான் எங்களுக்கு வேண்டும். மன அழுத்தத்துக்கு மருத்துவரைப் பார்த்த பிள்ளையும் அதை மறைத்துவிட்டு "கவனம் சிதறியது" என்று எழுதுகிறது. நோய் என்றால் மனநோயும் நோய்தான். அந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர். உங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அதில் இல்லை.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. என்னிடம் வரும் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பத் திரும்ப வித்ட்ரா செய்வது, வீட்டில் சொன்னதால் எடுத்த பாடங்களைத்தான். மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் ப்ரீ-மெட் வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாத ஒரு பெண் அதே கெமிஸ்ட்ரியை மூன்று முறை எடுத்து மூன்று முறை விட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த 180-இல் இருந்து கழிந்துகொண்டே இருந்தது.

சரி, அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். அன்று இரவு அவனே அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு நாள் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவர் வாய் பேசாமல் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். ஊர் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரின் படம், பாட்டியின் முகம், கீழே தேதி. "இது போதுமாம்மா?" என்றார். இறப்புச் சான்றிதழ் நகலும் விமான டிக்கெட்டும் சேர்த்துக் கொடுங்கள் என்றேன். அவன் புதிதாக எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். பள்ளிக்கூடம் போகும் வரை தன்னை வளர்த்தவர் பாட்டி என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு செமஸ்டர் ப்ரொபேஷனில், அதாவது அந்த செமஸ்டரில் தேறிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையில், உதவி திரும்பக் கிடைத்தது. 15 கிரெடிட்டையும் முடித்தான்.

எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. அப்பீலை அனுமதிப்பதும் முடிவு செய்வதும் கல்லூரிதான். அதற்கு மேல் கல்வித் துறையிடம் முறையிட வழியில்லை. கடைசித் தேதியும் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. ஜூலையில் வந்தால் நேரம் இருக்கிறது, செப்டம்பரில் வந்தால் ஃபீஸ் கட்டும் நாள் தாண்டியிருக்கும்.

தமிழ்ச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை மேடையேற்றிக் கைதட்டுகிறோம், நல்லது. அதே விழாவில் அரை மணி நேரம் இதைப் பேச ஒதுக்குங்கள். எந்த ஊராக இருந்தாலும், சனி ஞாயிறாக இருந்தால் நான் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
ஒரு நிதியுதவி அலுவலக ஊழியர்