பழைய ஸ்போர்ட்ஸ் காரும் அதன் அசல் தகடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பெயின்ட்டின் பளபளப்பையும் இன்ஜினின் உறுமலையும் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டது எனக்குக் குறையாகவே பட்டது. இத்தகைய காரின் மதிப்பும், அதில் பயணிப்பவரின் பாதுகாப்பும் பெரும்பாலும் தகட்டு வேலையைப் பொறுத்தவை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜாகுவார் ஈ-டைப்பை எடுத்துக்கொள்வோம். 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, 1974 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான இந்தக் காரில், பயணிகள் அமரும் பகுதிக்கெனத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்துப் பற்றவைத்த கூடுதான் சுமையைத் தாங்குகிறது. இன்ஜினைச் சுமக்கும் குழாய்ச் சட்டம் அதன் முன்புறத்தில் போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருக்கும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டிதான் அந்தக் கூட்டுக்கு முதுகெலும்பு. ஈரமும் சேறும் தேங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே துரு அரிப்பதும் அங்கேதான். கதவு வாசலின் குறுக்கே தாங்குசட்டம் பற்றவைக்காமல் இருபக்கச் சில்லையும் வெட்டியெடுத்தால், குறிப்பாகக் கூரையில்லாத ரோட்ஸ்டரில், நடுப்பகுதி தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லைப் பற்றவைத்துவிட்டால் கதவு மேல்பக்கம் இடிக்கும், கீழ்ப்பக்கம் இடைவெளி விடும். அந்தக் கோணலைப் பட்டி என்ற நிரப்புப் பசையை அப்பி மறைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால், வாங்குபவர் கண்ணுக்குக் கார் புதிதாகத்தான் தெரியும்.

பட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. காகிதக் கனத்துக்கு மேல் அது தேவைப்படாத அளவுக்குத் தகடு சீராக வேண்டும் என்கிறேன். அடிபட்டு விரிந்துபோன தகட்டை விரலால் அழுத்தினால் ‘டொக்’கென்று உள்ளே போய்த் திரும்பி வரும். நல்ல டிங்கர், அதாவது தகட்டு வேலை செய்பவர், அதை மேலும் அடித்து நீட்ட மாட்டார். நாணய அளவு இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, பின்னால் டோலி என்ற கையடக்க இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்துச் சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரத்துணியால் சட்டென்று குளிர வைப்பார். விரிந்த உலோகம் சுருங்கி இறுகும். பிறகு கண்ணை நம்பாமல், உள்ளங்கையால் தடவித்தான் மேடு பள்ளம் பார்ப்பார்.

ஈ-டைப்பின் உடலைப் பல தகடுகளை இணைத்தே உருவாக்கினார்கள். வெளியே தெரியும் இணைப்புகளைக் காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையால் நிரப்பினார்கள். எழுபதுக்கு முப்பது என்ற விகிதத்தில் சேர்ந்த அந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, 250 டிகிரியைத் தாண்டிய பிறகே முழுதாக உருகும். இடைப்பட்ட வெப்பத்தில் குழைந்து நிற்கும்போது, விலங்குக் கொழுப்பு தடவிய மரக்கரண்டியால் அதைத் தள்ளித் தள்ளி வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆறியபின் அரத்தால்தான் சீவ வேண்டும்; கிரைண்டர் வைத்தால் காரீயத் தூசி பறந்து நுரையீரலுக்குள் போகும். இந்த வேலையில் தேர்ந்தவர்கள் எங்கேயும் குறைந்துவருகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

அலுமினிய உடல் என்றால் சிக்கல் வேறு. கார்களுக்கு உடல் கட்டும் மிலான் நகரின் டூரிங் நிறுவனம் உருவாக்கிய சூப்பர்லெஜேரா முறையில் அமைந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 போன்ற கார்களில், மெல்லிய எஃகுக் குழாய்களின் மேல் அலுமினியத் தகடு போர்த்தப்பட்டிருக்கும். இரு உலோகங்களும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். இடையில் காப்புப் பூச்சோ பட்டையோ வைக்காமல் திரும்ப மூடினால் செய்த வேலை நிலைக்காது.

தகட்டை முழுதாகத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிப் பொருத்துவதே சிறந்த புதுப்பிப்பு என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உலகப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதற்கு மாறானது. இயன்றவரை அசல் பொருளைக் காக்க வேண்டும், மாற்றியவற்றை அடையாளப்படுத்த வேண்டும், செய்த வேலையைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெப்பிள் பீச் கண்காட்சியில் 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59 உச்சப் பரிசை வென்றது. புதுக்கோலம் பூணாமல் பேணப்பட்ட காருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

நம் நாட்டிலும் 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாத வண்டிகளை மட்டுமே பழம்பெரும் வாகனங்களாக ஏற்று, ‘விஏ’ வரிசை எண் வழங்க வகை செய்கிறது. துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே அளவில், அதே வடிவில் தகடு வைத்துப் பற்றவைப்பது பழுதுபார்ப்புதான். அதை மாற்றமாகக் கருதிவிடக் கூடாது. அதற்கு ஆதாரம் வேண்டுமே என்றால், வெட்டுவதற்கு முன்பும், பற்றவைத்த பின்பும், பெயின்ட் அடிப்பதற்கு முன்பும் எடுத்த புகைப்படங்களை விண்ணப்பத்தோடு பெற்றுக் கோப்பில் சேர்க்கும்படி போக்குவரத்துத் துறை செய்யலாம். இத்தகைய கார்களைப் பற்றி இனி எழுதும்போது, வெறும் தகடாக நிற்கும் நிலையின் படம் ஒன்றையும், அதில் உழைத்த டிங்கரின் பெயரையும் தாங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.