களரி நிலமும் கலாசார வலயமும்: எங்கள் கலைக்கழகத்தின் செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன், கூத்துப் பழக்கும் அண்ணாவியார், போசகர் ஐயா, உறுப்பினர்கள், ஊரவர் எல்லோருக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டத்தில் நான் வாசித்த அறிக்கை பதினொரு பக்கம். மூன்றாம் பக்கத்திலேயே பாதிப்பேர் தேத்தண்ணிக்கு எழும்பிவிட்டீர்கள். இந்தமுறை சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், சரிவரவில்லை, ஒரு விடயம் இழுத்துக்கொண்டு போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிருவாகக் கூட்டம் 9 முறை கூட்டினோம், அதில் இரண்டு போதிய ஆள் (கோரம்) இல்லாமல் கலைந்தது. ஒன்று வெள்ளாமை வெட்டு நடந்த கிழமை, அந்தத் திகதியைப் போட்டது நான்தான், யாரையும் குறைசொல்ல முடியாது. புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், நாலு பேர் பெண்பிள்ளைகள். கணக்கறிக்கையைப் பொருளாளர் அக்கா வாசிப்பார், சந்தா கட்டாதவர்களின் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது.

இந்த வருடக் கூத்து பாரதக் கதையில் ஒரு வடமோடி, மட்டக்களப்புக் கூத்தின் முக்கிய இரண்டு பாணிகளில் ஒன்று. சட்டங்கொடுத்ததிலிருந்து, அதாவது ஆட்டக்காரருக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுத்ததிலிருந்து, அரங்கேற்றம் வரை ஐந்து மாதம். நடுவில் இரண்டு ஆட்டக்காரர் வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டார்கள், அவர்களின் பாத்திரத்துக்குப் புது ஆள் பிடித்து, கொப்பி கொடுத்து, தரு என்ற கூத்துப்பாட்டைப் பாடமாக்கி, தாளத்துக்குக் கால் விழவைக்க அண்ணாவியார் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர் முதன்முதல் சதங்கை அணிந்த அன்று மழை வேறு. மத்தளத்தின் தோல் ஈரத்தில் தளர்ந்து சத்தம் செத்துப்போய்விட்டது. அண்ணாவியார் ஒன்றும் பேசவில்லை, தென்னம்பாளையைக் கொளுத்தி, அந்த அனலில் மத்தளத்தை ஒரு குழந்தையைத் திருப்புவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இடைக்கிடை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, அரை மணித்தியாலத்தில் பழைய நாதத்தைக் கொண்டுவந்தார். பக்கத்தில் நின்ற சின்னப் பொடியன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், இப்போது அவன்தான் மத்தளம் பழகுகிறான்.

அரங்கேற்றம் நல்லாக நடந்தது, விடியச்சாமம் வரை சனம் இருந்தது. ஆனால் ஒலிபெருக்கி விடயத்தில் நாங்கள் இந்த முறையும் அலைந்துதான் போனோம். 2007இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொன்னது. நோயாளி, குழந்தை, படிக்கிற பிள்ளை எல்லோருக்கும் நித்திரை வேண்டும்தானே, அந்தத் தீர்ப்பில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் நம்முடைய கூத்து தொடங்குவதே அந்த நேரத்தில்தான், கோழி கூவும்போதுதான் மங்களம் பாடுகிறோம். விசேட அனுமதிக்காக ஒவ்வொரு முறையும் கடிதமும் கையுமாக அலைய வேண்டியிருக்கிறது. போன தலைமுறை மைக் இல்லாமலே ஆடியது என்று போசகர் ஐயா சொல்கிறார், சரி, அந்தக் காலத்தில் ரோட்டில் மோட்டார் சைக்கிளும் இல்லை.

இனி அந்த இழுத்த விடயம். சித்திரை மாதம் ஓர் அலுவலகக் கூட்டத்தில், நம்முடைய பகுதியைக் கலாசார வலயம் என்று அரசாங்கம் அறிவிக்கக் கேட்டால் என்ன, கலைஞர்களுக்கு உதவி வருமே என்று ஒரு பேச்சு வந்தது. எங்கள் நிருவாகத்தில் பாதிப்பேர் உடனே கைதட்டினார்கள். மற்றப் பாதி அப்படியே உறைந்துபோய் இருந்தது, அதற்குக் காரணம் இருக்கிறது. கிழக்கில் "பிரகடனம்" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காணிதான் முதலில் ஞாபகம் வரும். 2020 ஆனியில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுக்கென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைத்தார்களே, அதில் ஆரம்பத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. பாசிக்குடாவில் யுத்தத்துக்குப் பின் சுற்றுலா வலயமும் ஹோட்டல்களும் வந்தன, தோணி இழுக்கிற இடம் குறுகிப்போனதாக மீன்பிடிக்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதனால் வரைபடத்தில் யாராவது கோடு கீறினால் வயிறு கலங்குவது இயல்பு. மூன்று பேரைக் குழுவாகப் போட்டு, வெளியூர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று வாசித்துப் பார்த்தோம். வாசித்ததில் உபயோகமானதை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மேரிலண்ட் மாநிலம் 2001இலேயே கலை வட்டாரங்கள் என்று சில இடங்களைக் குறிக்கத் தொடங்கியது. அங்கே பெயரோடு மூன்று சலுகை சேர்ந்து வருகிறது: கலைஞர் தன் ஆக்கத்தால் உழைப்பதில் வருமான வரிச் சலுகை, பழைய கட்டடத்தைக் கலைக்கூடமாகத் திருத்துபவருக்குச் சொத்துவரிச் சலுகை, நிகழ்ச்சி நுழைவுச்சீட்டில் களியாட்ட வரி விலக்கு. லூசியானா 2007இல் இன்னொரு வழியில் போனது, கலாசார வட்டாரத்துக்குள் விற்கும் அசல் கலைப்படைப்புக்கு விற்பனை வரி இல்லை என்று வைத்தது. கலிபோர்னியா 2015இல் சட்டம் கொண்டுவந்து 2017இல் 14 இடங்களை அறிவித்தது, அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான். எனக்கு இந்தக் கடைசி விடயம் பிடித்தது. ஒருமுறை பட்டம் கொடுத்துவிட்டு மறந்துபோகாமல், காலம் முடிய மறுபடி பார்க்கலாம்.

அப்புறம் சியோல். தென்கொரியா 2002இல் இன்சாடோங் தெருவை முதலாவது கலாசார வட்டாரமாக அறிவித்தது, 2004இல் சின்னச் சின்ன நாடக அரங்குகள் நிறைந்த தேஹாங்நோவை அறிவித்தது. என்ன நடந்தது? பெயர் பரவ, சனம் வர, வாடகை ஏறியது. இன்சாடோங்கில் பழைய கடைகள் போய் நினைவுப்பொருள் கடைகள் பெருகின, தேஹாங்நோவில் வாடகை கட்ட முடியாத நாடகக்காரர்கள் இடத்தை விட்டு எழும்ப வேண்டி வந்தது. நாடகத்துக்காகக் குறித்த இடத்தில் நாடகக்காரனுக்கே இடமில்லை! இதை நான் கூட்டத்தில் சொன்னபோது அண்ணாவியார் சிரித்தார், "பலகை நட்டாக் கூத்து வருமா மனே? நட்டவன் போயிருவான், நாமதான் அதச் சுத்திப் புல்லு வெட்டணும்" என்றார். அவர் சொன்னதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

நமக்கு ஹோட்டல் வாடகைப் பிரச்சினை இல்லை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற நம்முடைய படுவான்கரையில் இப்போதைக்கு அது வராது. நம்முடைய பிரச்சினை களரி நிலம், அதாவது கூத்தாடும் இடம். கோயில் வெளிவீதிக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகக் களரி கட்டுகிற துண்டு ஒரு தனியாருடையது, சொந்தக்காரர் வெளிநாட்டில், இப்போது வேலி போடப் போகிறார்களாம். அவர்களைப் பிழை சொல்லவில்லை, காணி அவர்களுடையது, இவ்வளவு காலமும் விட்டது பெரிய மனசு. ஆனால் அந்த இடம் போனால் வட்டக்களரிக்கு எங்கே போவது?

கலாசார மண்டபத்தில் ஆடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். இந்த வருடம் ஒரு விழாவுக்கு நம்மை அழைத்தார்கள். எந்த விழா என்று இங்கே எழுதவில்லை, போனவர்களுக்குத் தெரியும். 12 நிமிடம் தந்தார்கள். மேடைக்கு ரைல்ஸ் பதித்திருந்தது, சதங்கைக் காலோடு துள்ளி விழும்போது நம்முடைய தம்பி ஒருவருக்குக் கால் வழுக்கி முழங்கால் மடங்கிவிட்டது. சனம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் வட்டமாக ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் கிறுகுவது என்றே தெரியவில்லை. அரசனின் வரவு முடியவில்லை, அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைக் கூப்பிட்டுவிட்டார். வளையம் வைத்து விரித்த கரப்புடுப்பைக் கட்ட ஒன்றரை மணித்தியாலம், ஆடினது 8 நிமிடம், திரும்பி வர லொறிக் கூலி நம்முடையது.

கூத்தைச் சுருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கித்தான் மேடையேற்றினார். அதில் ஆடிய சி. மௌனகுரு பிறகு இந்த மண்ணின் மரபுவழி நாடகங்களையே ஆய்வுக்கு எடுத்தார். இன்னொரு பக்கம் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊர்ச்சனத்தோடு சேர்ந்து, களரியை விடாமலே கூத்தை மீளுருவாக்கம் செய்தார். இரண்டு வழியிலும் கூத்துத் தெரிந்தவர்கள் இருந்து யோசித்துச் செய்தார்கள். மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யவில்லை.

ஆகவே நிருவாகம் எடுத்த முடிவு இது. கலாசார வலயம் என்று கேட்பதாக இருந்தால், காணிக்கு எல்லை போடாத ஒன்றாகக் கேட்போம். பெயர்ப்பலகை, வளைவு, சிலை ஒன்றும் வேண்டாம். களரிக்கு ஒரு பொதுத் துண்டு, அது அரசகாணியில் இருந்தாலும் கோயில் பரிபாலன சபையும் கழகங்களும் சேர்ந்து பார்க்கிற மாதிரி. வருடத்தில் குறித்த சில இரவுகளுக்கு முன்கூட்டியே ஒலிபெருக்கி அனுமதி. பணம் வாங்கி நடத்தும் நிகழ்ச்சிக்குப் பிரதேச சபை அறவிடும் களியாட்ட வரியில் விலக்கு. மத்தளம் செய்கிறவருக்கும் உடுப்புக் கட்டுகிறவருக்கும் நேரடியாகக் கொடுப்பனவு, ஏனென்றால் ஆட்டக்காரரை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், அரசனின் கிரீடம் ஒட்டுகிறவர் பசையும் கையுமாகப் பின்னால் இருக்கிறார்.

யாருடைய கலாசாரம் என்ற கேள்வியும் வந்தது, அதுதான் கூட்டத்தில் சூடான இடம். பறைமேளக்காரர் இல்லாமல் இந்த ஊரில் எந்தக் கோயில் சடங்கு நடக்கிறது, அவர்கள் பெயர் நம்முடைய உறுப்பினர் பட்டியலில் ஏன் இல்லை என்று ஒரு தங்கச்சி எழும்பிக் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். பிறகு தலைவர் அண்ணன், அது நம்முடைய பிழை என்று ஒத்துக்கொண்டார், அடுத்த மாதமே நேரில் போய் அழைப்பது என்று தீர்மானம். போனோம். இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஒரு பெரியவர் "இப்பதான் வழி தெரிஞ்சதாக்கும்" என்றார், அதற்கு எங்களிடம் பதில் இல்லை. முஸ்லிம் ஊர்களின் களிகம்பாட்டமும் பக்கீர் பைத் பாடல்களும், பட்டினத்துப் பறங்கியரின் கஃப்றிஞா ஆட்டமும், மருதமுனைக் கைத்தறியும் சேராத ஒரு வலயத்துக்கு நாங்கள் கையெழுத்து வைப்பதில்லை என்றும் எழுதினோம். மாவட்ட எல்லையும் நமக்குச் சிக்கல்தான். அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது, விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு அந்தப் பக்கம் போனது, தம்பிலுவில் கண்ணகி அம்மனும் அந்தப் பக்கம்தான், ஆனால் வைகாசியில் அம்மனின் குளிர்த்திச் சடங்குக்கு நம் சனம் பஸ் பிடித்துப் போவது நிற்கவில்லை.

இதையெல்லாம் மூன்று பக்கக் கடிதமாக எழுதி டி.எஸ். ஒபிசில், அதாவது பிரதேச செயலகத்தில், கையளித்தோம். கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது, கோப்பில் இருக்கிறது, பார்க்க விரும்பியவர்கள் பார்க்கலாம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. களரிக் காணிக்காரருடன் நம்முடைய போசகர் ஐயா தொலைபேசியில் பேசியிருக்கிறார், அடுத்த கூத்து முடியும்வரை வேலி போடமாட்டோம் என்று வாய்ச்சொல் தந்திருக்கிறார்கள். அதை எழுத்தில் வாங்குவது புதிய நிருவாகத்தின் முதல் வேலை.

வரும் வருடம் மற்றப் பாணியான தென்மோடி ஒன்று பழக்குவதாக அண்ணாவியார் சொல்லியிருக்கிறார், சட்டங்கொடுப்பது வெள்ளாமை வெட்டு முடிந்து வரும் முதல் வெள்ளி. பெண்பிள்ளைகள் நாலு பேரும் ஆடுவார்கள், அதில் மாற்றமில்லை, வீட்டில் பேச வேண்டியிருந்தால் பொருளாளர் அக்காவும் நானும் வருகிறோம்.

கடைசியாக ஒன்று. அரங்கேற்றத்துக்குக் கொடுத்த சதங்கையில் மூன்று சோடி இன்னும் திரும்பி வரவில்லை. யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பெயர் வாசிக்க விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

செயலாளர்