நான்கு குழல்களுக்கு ஒரு ஆட்ட மெட்டு

அன்பு நண்பா,

பல் வைத்தியம் முடிந்து மறுபடி கிளாரினெட்டை எடுத்துவிட்டாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். நான் ஜிக் என்ற ஐரிஷ் ஆட்டத்துக்கான ஒரு பழைய மெட்டைப் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், அடிக்குரல் குழலான பஸூன் நான்குக்கும் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளாரினெட் உனக்குத்தான்.

6/8 தாளம், அதாவது ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஆறு எண்ணிக்கை; எட்டு எட்டு பாராக இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. பிடிலில் வாசித்து வந்த மெட்டு, சிக்கலே அங்கேதான். வில்லுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. குழல் வாசிப்பவர் எங்காவது மூச்சு எடுத்துத்தானே ஆகவேண்டும்? அந்த இடத்தில் தாளம் கொஞ்சம் பிசகினாலும் ஆடுகிறவருடைய கால் தடுமாறும். அதனால் மெட்டைக் கைமாற்றுகிறேன். புல்லாங்குழல் நாலாவது பாரோடு நிற்காமல், ஐந்தாவது பாரின் முதல் ஸ்வரத்தையும் வாசித்துவிட்டு விலகும். அதே ஸ்வரத்தில் நீ சேர்ந்துகொள்வாய்; ஒட்டுப் போட்டதே தெரியாது. அதற்குப் பிறகு மெட்டு பியானோவின் நடு சி ஸ்வரத்துக்குக் கீழே இறங்குகிறது. புல்லாங்குழலுக்கு அது எட்டாது, உனக்கோ அது கொழுகொழுவென்று ஒலிக்கும் இடம்.

பஸூன் ஒன்று, நான்கு எண்ணிக்கைகளில் மட்டும் வெட்டி வாசித்தால் போதும்; நீட்டினால் ஆட்டம் கனத்துவிடும். ஓபோவை அடிஸ்தாயிப் பக்கம் விடவில்லை, அங்கே அதை மெதுவாக ஊதுவது பெரும்பாடு.

இரண்டாம் பகுதியில் பஸூன் ச, நீ ப என்று சுருதி பிடிக்க வேண்டும். இருவரும் மாறி மாறி மூச்சு எடுங்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1917-ல் சிறிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய ருமேனிய நாட்டுப்புற நடனங்களில் மூன்றாவதைக் கேள். மேலே பிக்கோலோ என்ற சிறிய புல்லாங்குழல் பாட, கீழே தந்தி வாத்தியங்கள் அசையாமல் நிற்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்று. மெட்டு டோரியன் என்ற பழைய மேற்கத்திய ஸ்வர வரிசையில் இருக்கிறது, கரகரப்பிரியா ராகத்தின் அதே ஸ்வரங்கள். முடிவில் நிஷாதத்தை உயர்த்தினால் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) சுலபமாகப் பொருந்தும். செய்யமாட்டேன். அந்தக் கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நி, போனால் மெட்டே போச்சு.

பி-பிளாட் கிளாரினெட் எழுதியதைவிடத் தாழ்ந்து ஒலிப்பதால், ஒரு முழு ஸ்வரம் ஏற்றி உன் பகுதியை அடுத்த வாரம் அனுப்புகிறேன். வாசித்துப் பார்த்து, உனக்கு மூச்சு எங்கே வசதியோ அங்கே பென்சிலால் குறித்து அனுப்பு. அதை வைத்துத்தான் மற்ற மூவருக்கும் குறிக்கவேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்