படத்தை முழுசாக ஓட்டுங்கள்: டெல்டா திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளிக்கிழமை முழுசாக ஓடும் படம், திங்கட்கிழமைக்குள் உங்கள் கை பட்டு ஒரு பாட்டும் இரண்டு காட்சியும் இளைத்துவிடுகிறது. இதுவரை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தோம். போன வாரத்துக்குப் பிறகு அது முடியவில்லை.

என் அப்பாவுக்கு 78 வயது. ஒரு காலத்தில் வலங்கைமான் பக்கம் டென்ட் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். பிலிம் அறுந்தால் ஓரத்தைச் சுரண்டி, பிலிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி ஒட்டுவார். ஒட்டும்போது இரண்டு பிரேம் போய்விடும். நொடிக்கு 24 பிரேம் ஓடுவதில் இரண்டு போனால் யாருக்குத் தெரியும்? அதற்கே ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு அம்மாவிடம் புலம்புவாராம். இப்போது ஒரு வருடமாக அவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது. சாவி வைத்த இடம், பேரன் பெயர், இப்படி. போன வாரம் முழங்கால் வலியோடு பஸ் ஏறி, என்னோடு படம் பார்க்க ஆசையாகத்தான் வந்தார்.

படத்தில் ஒரு பெரியவர் திண்ணையில் துண்டை உதறிக்கொண்டு, "அந்த வாசல்ல என் கால் படாது" என்கிறார். டக்கென்று அடுத்த ஷாட்டில், அதே வீட்டுக் கல்யாணத்தில், முதல் பந்தியில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி பாயசம் கேட்கிறார். ஸ்மாஷ் கட் என்பார்கள். இடையில் என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டதில்தான் சிரிப்பு. ஆனால் நாங்கள் பார்த்தது பாயசத்தை மட்டும். பாட்டைத் தள்ளும்போது பின்னால் வந்த திண்ணையும் சேர்ந்து போயிருக்கிறது. திருச்சியில் முழுப் படம் பார்த்த அக்கா மகன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அப்பா என் கையைத் தொட்டு, "நான் தூங்கிட்டனாடா?" என்றார். இல்லப்பா என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று தடவை கேட்டார். "நடுவுல என்னமோ நடந்திருக்கு. எனக்குத்தான் நெனப்பு இல்ல." படத்தில் யாரோ கை வைத்திருப்பார்கள் என்று அந்த ஆபரேட்டருக்குத் தோன்றவே இல்லை.

1962இல் வந்த 'லாரன்ஸ் ஆப் அரேபியா' படத்தில் எரியும் தீக்குச்சியை ஊதியதும், விடியப்போகும் பாலைவனம் வந்து நிற்கும். ஸ்கிரிப்டில் அங்கே டிஸால்வ், அதாவது ஒரு ஷாட் மெல்லக் கரைந்து அடுத்தது தெரிவது, என்றுதான் இருந்தது. நேராக வெட்டினால்தான் சரி என்று எடிட்டர் ஆன் கோட்ஸுக்கும் இயக்குநருக்கும் எடிட்டிங் மேசையில் பட்டிருக்கிறது. உங்களிடம் அந்தப் படம் வந்திருந்தால், தீக்குச்சி வீண் செலவு என்று மணலை மட்டும் காட்டியிருப்பீர்கள்.

மேலாளரிடம் கேட்டேன். "கடைசி பஸ்ஸுக்கு ஜனங்க போக வேணாமா சார்?" என்றார். அக்கறைக்கு நன்றி. நாங்கள் போனது மேட்னி. நகைக்கடை விளம்பரமும் ஜவுளிக்கடை விளம்பரமும் மட்டும் எந்த பஸ்ஸுக்கும் பயப்படாமல் முழுசாக ஓடுகின்றன. இடைவேளையில் விற்கும் பப்கார்ன் விலையைப் பற்றித் தனி மடலே எழுதலாம். மேட்டூரில் திறந்த தண்ணீர்தான் கடைமடைக்கு வருவதற்குள் வற்றிப்போகிறது என்றால், சினிமாவுமா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். சான்றிதழ் பெற்ற படத்தை அனுமதியின்றி மாற்றுவது 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டத்தின் 7ஆம் பிரிவில் குற்றம் என்று உங்களுக்கும் தெரியும். வழக்குப் போட நான் வரவில்லை. எடிட்டர் அனுப்பிய படத்தை அப்படியே ஓட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். நேரம் போதவில்லையென்றால் நாளைக்கு ஒரு ஷோவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால், எத்தனை நிமிடம் தள்ளியிருக்கிறீர்கள் என்று டிக்கெட் கவுண்டரில் ஒரு அட்டையாவது மாட்டி வையுங்கள்.

தீபாவளிப் படத்துக்கு அப்பாவை மறுபடியும் கூட்டி வருகிறேன். அன்றைக்காவது தயவுசெய்து முழுசாக ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
வலங்கைமான் பக்கத்து ரசிகர் ஒருவர்