படிப்பகச் சுவரில் சியாச்சின் பனியாறு: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வேலைக்காகக் கோவை, திருப்பூர், பெங்களூரு என்று போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் நடுவில் இருக்கும் நம் படிப்பகத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற பின்சுவர், மலையை வெட்டிய மேட்டோடு ஒட்டி நிற்கிறது. அந்தச் சுவரில், சூளையில் சுட்ட பீங்கான் டைல்ஸில், சியாச்சின் பனியாற்றின் காட்சியைக் கையால் வரைந்து பதிக்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. பத்தடி நீளம், ஆறடி உயரம். மொத்தச் செலவு 2,40,000 ரூபாய். கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் போட்டது 46,000. மீதி 1,94,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு சியாச்சினை எதற்கு வரைய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் மலையில் பனியாறு கிடையாது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனி வெயில் ஏறியதும் போய்விடும். ஆனால் சியாச்சினுக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் நம் வெலிங்டனில் இருக்கிறது. தென் மாநிலங்களிலிருந்து வரும் பையன்கள் இங்கேதான் பயிற்சி எடுத்துச் சிப்பாய்களாகிப் போகிறார்கள். காலையில் அவர்கள் ஓடுகிற சத்தம் கேட்டு எழுந்த குடும்பங்கள் நாம். அவர்களில் பலரை ராணுவம் பிறகு அனுப்புகிற இடங்களில் ஒன்று, காரகோரம் மலைத்தொடரில் இருக்கும் அந்தப் பனியாறு.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுமார் 19,600 அடி உயரத்தில், சோனம் என்ற காவல் முகாமின் மேல் பனிச்சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. அங்கே இருந்தது 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியன். பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்துப் பனிக்கு அடியிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்த ஒரு வாரமும் நம் படிப்பகத்தில் பேப்பருக்கு வரிசை நின்றது.

நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதன்மேல் இன்னொரு தொட்டபெட்டாவை ஏற்றி வைத்தாலும் சோனம் முகாமைத் தொட இன்னும் 2,000 அடிக்கு மேல் பாக்கி இருக்கும். சியாச்சின் சுமார் 76 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் மைனஸ் 50 டிகிரி வரை இறங்கும். 1984 ஏப்ரலில் நம் ராணுவம் அங்கே ஏறியதிலிருந்து குண்டடி பட்டு இறந்தவர்களை விடக் குளிராலும் பனிச்சரிவாலும் உயரத்தின் நோய்களாலும் இறந்தவர்களே அதிகம். அங்கே போய் வந்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆவின் பால் வாங்க வருகிறார்கள், ரேஷன் கடையில் நிற்கிறார்கள். அவர்கள் இருந்த இடம் எப்படி இருக்கும் என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாது. அதைக் காட்ட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

ஆகவே படத்தில் துப்பாக்கி இருக்காது, கொடி இருக்காது, முகாமோ பாதையோ இருக்காது. மலையும் பனியும் தண்ணீரும் மட்டும்.

முதல் மாதிரிப் படத்தைப் புதுச்சேரியிலிருந்து ஓவியர் அம்மா அனுப்பியபோது, அதைப் பெரிதாக அச்செடுத்து மேசைமேல் விரித்தோம். அழகாக இருந்தது. நீல வானம், பளீரென்ற வெள்ளை மலை. சியாச்சினில் இரண்டு முறை பணியில் இருந்த ஹவில்தார் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா இருக்காதுங்க. நடுவுல கறுப்பா, ரெண்டு தண்டவாளம் மாதிரி கோடு போகும். கிட்டப் போனா அது பூரா கல்லும் மண்ணும்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பனியாறு நகரும்போது இருபக்கத்து மலையையும் அரைத்து, உடைந்த கல்லைக் கரையோரம் சேர்த்துக்கொண்டே வரும். கிளைப் பனியாறு ஒன்று வந்து கலக்கும்போது, இரண்டின் ஓரத்துக் கல்லும் ஒன்றாகி நடுவில் ஒரு கறுப்புக் கோடாக இறங்கும். எத்தனை கிளை வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அந்தக் கோடுகளை வைத்தே எண்ணிவிடலாம். ஓவியர் அம்மா அன்றைக்கே போனில் அவரோடு பேசி, இரண்டாவது படத்தில் கோடுகளைக் கொண்டுவந்துவிட்டார். காலண்டர் பனிமலை நமக்கு வேண்டாம் என்று எல்லோரும் ஒரே மனதாகச் சொன்னோம்.

இப்போது உள்ள படத்தில் மேல் வரிசைகளில் சால்டோரோ மலைமுகடுகள் வருகின்றன. வலது மூலையிலிருந்து பனியாறு வளைந்து இறங்குகிறது. நடுப்பகுதியில் வெடிப்புகள். அந்த வெடிப்புகளின்மேல் புதுப்பனி மூடிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அங்கே ஆளோடு ஆள் கயிற்றால் கட்டிக்கொண்டு நடப்பார்கள். கீழ் வரிசையில் பனியாறு முடியும் இடமும், அதன் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் புறப்படும் நுப்ரா ஆறும். நுப்ரா ஷியோக்கில் சேர்ந்து, ஷியோக் சிந்துவில் சேருகிறது. தண்ணீரைச் சேர்த்து வைத்து ஆற்றுக்கு விடுவது அங்கே பனியாற்றின் வேலை. நம் மலையில் அந்த வேலையைச் சோலைக்காடும் புல்வெளியும் செய்கின்றன: மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பவானிக்கும் மோயாருக்கும் விடுகின்றன. இதைப் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் முன்னால் நிறுத்திச் சொல்லலாம் என்று கமிட்டியில் இருக்கும் ஆசிரியை அக்கா இப்போதே திட்டம் போட்டுவிட்டார். கீழ் வரிசை தரையிலிருந்து இரண்டரை அடியில் தொடங்கும். சின்னப் பிள்ளைகள் கை வைத்துப் பார்க்கலாம். தொட்டால் கெட்டுப்போகிற படம் இல்லை இது.

பெயின்டில் வரைந்தால் இருபதாயிரத்தில் முடியுமே என்கிறார்கள். முடியும், ஆனால் நிற்காது. குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை எப்படி என்று நமக்குத் தெரியும். அந்தப் பின்சுவரில் அடித்த டிஸ்டெம்பர் ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. ஓதம் ஏறி, உப்புப் பூத்து, செதில் செதிலாக உதிர்ந்து, மூலையில் பூஞ்சையும் பிடித்தது. ஆத்தங்குடிக் கல்லில் செய்யலாமே என்றும் ஒருவர் கேட்டார். ஆத்தங்குடிக் கல் அருமையான பொருள்தான். ஆனால் அது கண்ணாடிமேல் வார்த்து எடுக்கும் சிமென்ட் கல், சூளையில் சுடுவதில்லை. தரைக்கும் கோலம் போன்ற வடிவங்களுக்கும் அது சரி. மலையின் நிழலும் பனியின் நீலமும் அதில் வராது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனவர்கள் சுவரில் பதித்த ஜப்பான் டைல்ஸைப் பார்த்திருப்பீர்கள். கப்பலில் வந்திறங்கிப் பல பத்தாண்டுகள் ஆகியும் நிறம் அப்படியே இருக்கிறது. நிறம் மேலே பூசியதாக இல்லாமல், கண்ணாடிப் பூச்சுக்குள் உருகிக் கலந்திருப்பதுதான் காரணம்.

வேலை நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறோம். முதலில் களிமண் டைலை ஒருமுறை சுடுவார்கள். அப்புறம் அதை வெள்ளைக் கண்ணாடிப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்துக் காயவைப்பார்கள். காய்ந்த மாவுப் பூச்சின்மேல்தான் ஓவியம். தூரிகை தொட்டவுடன் பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிடும், அழித்துத் திருத்த முடியாது. நீலத்துக்குப் போடுவது கோபால்ட் ஆக்சைடு. வரையும்போது அது கரி மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும். 1,000 டிகிரியைத் தாண்டிய சூட்டில் பூச்சோடு உருகிய பிறகே நீலமாகும். அதாவது வரைகிறவர் கண்முன் இல்லாத நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு வரைய வேண்டும். பனியின் வெள்ளைக்குத் தனி நிறமே இல்லை. டைலின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, நிழலை மட்டும் போடுகிறார்கள். பனியாற்று வெடிப்புக்குள் தெரியும் நீலத்துக்கு மூன்று அடர்த்தியில் கோபால்ட் வருகிறது. அங்கே பனி அழுத்தத்தில் இறுகிக் காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறிவிடும். அப்படி இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், நீலம் மட்டும் மிஞ்சி வெளியே வரும். மாதிரிக்குச் சுட்ட நான்கு டைல்கள் படிப்பகத்தில் இருக்கின்றன. வந்து கையில் எடுத்துப் பாருங்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் அந்த நீலம் எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

ஆறு அங்குல டைல், நீளத்துக்கு இருபது, உயரத்துக்குப் பன்னிரண்டு, ஆக 240. உடைந்தால் மாற்றுவதற்கு உதிரியாகச் சிலவற்றையும் அதே விலைக்குள் தர ஓவியர் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். டைல் செய்து, வரைந்து, சுட்டுத் தர 1,44,000 ரூபாய். சுவரை முதலில் சரிசெய்தாக வேண்டும்: பின்னால் மேட்டை ஒட்டி வடிகால் எடுத்து, பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, நீர்புகாத பூச்சு பூச 58,000. டைல் ஒட்டும் பசை, இணைப்பு நிரப்ப எபாக்சி, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 26,000. டைல்களைப் பெட்டியில் கட்டுவதற்கும் லாரிக்கும் 12,000. சுவர் வேலைக்கு இவ்வளவா என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓதத்தை நிறுத்தாமல் டைல் ஒட்டினால் இரண்டே வருடத்தில் பின்னாலிருந்து உப்புத் தள்ளி உதிர்த்துவிடும். இதில் ஒரு ரூபாய் கூடக் குறைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான முடிவு.

கணக்குக்கு எளிதாக, ஒரு டைலுக்கு 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். ஒருவரே ஒரு டைலுக்குக் கொடுக்கலாம், பத்துப் பேர் சேர்ந்தும் கொடுக்கலாம். எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஐம்பது, நூறு கொடுத்தாலும் அதே ரசீதுதான். கொடுத்தவர் பெயரை டைலின் முன்பக்கம் போட மாட்டோம். மலைமேல் பெயர் எழுதினால் அது மலையாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு டைலின் பின்பக்கத்திலும், சுடுவதற்கு முன்பே, நீங்கள் சொல்கிற ஒரு பெயரை எழுதித் தர ஓவியர் அம்மா சம்மதித்திருக்கிறார். உங்கள் பெயராக இருக்கலாம், ராணுவத்தில் இருக்கும் மகன் பெயராக இருக்கலாம், திரும்பி வராதவர் பெயராகவும் இருக்கலாம். எந்த வரிசையில் எத்தனையாவது டைல் யாருடையது என்ற வரைபடம் படிப்பகப் பதிவேட்டில் எப்போதும் இருக்கும். கடை விளம்பரம், கட்சிப் பெயர் எதுவும் பின்பக்கத்திலும் வேண்டாம். இதற்கு மனம் கோணாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பணமாகத்தான் வேண்டும் என்றில்லை. வடிகால் தோண்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆள் வேண்டும், மண்வெட்டி, கடப்பாரையோடு வந்தால் போதும். சாரத்துக்கு மரமும் பலகையும் இரவல் வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் கொத்தனார்களுக்கு மதியச் சாப்பாடு தர இரண்டு வீடுகள் முன்வந்திருக்கின்றன, இன்னும் நான்கு வீடு வந்தால் நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். காரட், உருளைக்கிழங்கு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிகள் திரும்பும்போது காலியாக வருகின்றன. வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளை அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் பதமாக ஏற்றிக்கொண்டு வர ஒரு லாரிக்கார அண்ணன் மனது வைத்தால், லாரிச் செலவில் பாதி மிச்சமாகும்.

நேரம்தான் நெருக்கடி. மழை பிடிப்பதற்குள் சுவர் காய வேண்டும். அக்டோபருக்கு மேல் மலைப்பாதையில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது, அதற்கு முன்பே டைல்ஸ் மேலே வந்துவிட வேண்டும். சூளைக்கு முன்பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் மே 31. அதற்குள் பாதித் தொகையாவது சேராவிட்டால், சுவரின் ஓதத்தை மட்டும் கமிட்டிப் பணத்தில் முடிந்த அளவு சரிசெய்துவிட்டு, நீங்கள் தந்ததை ரசீதைப் பார்த்து அப்படியே திருப்பித் தருவோம்.

நன்கொடையைத் தினமும் மாலை ஐந்து முதல் ஏழரை வரை படிப்பகத்தில் கட்டலாம். எண் போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம், கமிட்டிக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டாரிடம் சொல்லி அதைப் பார்த்து அனுப்பச் சொல்லலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அன்று வரவு செலவு முழுவதும் அதே பலகையில் வரும். பின்பக்கம் எழுத வேண்டிய பெயரை ரசீது வாங்கும்போதே எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கொடுங்கள். சுட்ட பிறகு மாற்ற முடியாது.

இப்படிக்கு,
படிப்பகச் சுவர்ப் பணிக் கமிட்டி