எங்கள் இயற்பியல் மிஸ்ஸுக்கு நிலுவைச் சம்பளமும், அந்தப் பணியிடத்துக்கு ஆளும் கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
2024-25ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு (அறிவியல் பிரிவு) முடித்த மாணவ மாணவியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி, கடலூர் வட்டம்.
(பள்ளியின் பெயரும் எங்கள் தேர்வு எண்களும் கையெழுத்துத் தாளில் உள்ளன)

பெறுநர்
உயர்திரு மாவட்ட அலுவலர் அவர்கள், கடலூர்.

பொருள்: தற்காலிக இயற்பியல் ஆசிரியைக்கு ஜனவரி முதல் நிற்கும் சம்பளத்தை வழங்கவும், பணியிடத்தை நிரப்பவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே விஷயமாக நேரிலும் தபாலிலும் ஆன்லைனிலும் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தவர்கள். மே 8ஆம் தேதி ரிசல்ட் வந்தது, டி.சி.யும் வாங்கிவிட்டோம், இனி இந்தப் பள்ளியில் எங்களுக்கென்று கேட்டு வாங்க ஒன்றுமில்லை. ஆகவே இதை எங்களுக்காகக் கொடுக்கும் மனு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். எங்களுக்கு இயற்பியல் நடத்திய மிஸ்ஸுக்காகக் கொடுக்கிறோம். அவர் இதைக் கேட்கவில்லை, தெரிந்தால் திட்டுவார். "எனக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறாதீங்க, போய் கவுன்சலிங் வேலையப் பாருங்க" என்றுதான் கடைசியாகப் பார்த்தபோதும் சொன்னார்.

தாங்கள் இந்த ஊரை நன்றாக அறிந்தவர் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. நாங்கள் பிளஸ் ஒன் சேர்ந்தபோதே இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணியிடம் காலி. முன்பிருந்த சார் மாறுதலில் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை. வேதியியல் சார்தான் தன் பாடத்தோடு இதையும் சேர்த்துக் கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் இந்த மிஸ் வந்தார். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர், தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். மகளிருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால்தான் இந்த வேலைக்கு வரவே முடிகிறது என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது எங்களுக்கு அது ஜோக்காகத்தான் பட்டது.

2. போன டிசம்பர் வெள்ளம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, சாத்தனூர் அணையும் திறந்து, தென்பெண்ணையில் வந்த தண்ணீர் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு பக்கம் வீடு வீடாக ஏறியது. எங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. புத்தகம் போனால் வேறு கொடுத்துவிடுவார்கள், ஆனால் ரெக்கார்டு நோட்டு? அரை வருடமாக வரைந்த மீட்டர் பிரிட்ஜும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் கிராஃபும் சேற்றோடு சேறாகப் போயின. ரெக்கார்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது, எழுத்துத் தேர்வு 70 போக மீதி 30 மதிப்பெண் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும்தான் இருக்கிறது, இதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில பிள்ளைகள் அழுதுகொண்டே இனிமேல் வரமாட்டோம் என்றார்கள். மிஸ் நனையாத நோட்டுகளை வாங்கி, மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுவந்தார். யார் காசு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பள்ளி திறந்த பிறகு சாயங்காலம் பெல் அடித்தும் லேபைப் பூட்டவிடாமல், அளவீட்டை மறுபடி எடுக்க வைத்து, ஒவ்வொருவராக உட்கார வைத்து எழுத வைத்தார். "இவன் பார்த்து எழுதட்டும், அளவீடு மட்டும் இவனே எடுக்கணும்" என்று அதில் மட்டும் கறார். பொட்டன்ஷியோமீட்டரில் கம்பியைத் தொட்டு அளவெடுக்கும் ஜாக்கியை நகர்த்தவே தெரியாத ஒரு பையன் இன்று இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்திருக்கிறான்.

(ஆய்வக உதவியாளர் அண்ணனையும் சொல்லாமல் விட்டால் தப்பு. சாவியை வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தது அவர்தான். பஸ்ஸை விட்டவர்களைத் தன் வண்டியில் செம்மண்டலம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். தமிழ் ஐயா, கணக்கு மிஸ், தலைமையாசிரியர், காலையில் வகுப்பறையைத் திறந்துவிடும் துப்புரவு அக்கா, எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். அவர்களுக்கெல்லாம் மாதம் பிறந்தால் எவ்வளவோ கொஞ்சமோ சம்பளம் வருகிறது, அதனால்தான் மனு இவரைப் பற்றி மட்டும்.)

3. இப்போது சம்பளம். ஜனவரி மாதச் சம்பளம் வரவில்லை. பிப்ரவரியும் இல்லை, பொதுத்தேர்வு நடந்த மார்ச்சும் இல்லை, ஏப்ரல் கடைசி வேலைநாளோடு அவரை விடுவித்தாயிற்று, அந்த மாதத்துக்கும் இல்லை. கேட்டால் ஒரு மேசையில் நிதி ஒதுக்கீடு வரவில்லை என்கிறார்கள். அடுத்த மேசையில் நிதி வந்துவிட்டது, வருகைப் பதிவேட்டு நகல்தான் வரவில்லை என்கிறார்கள். நகலைத் தலைமையாசிரியர் அனுப்பிவிட்டார், அதற்கு முத்திரை போட்ட ரசீதும் இருக்கிறது. ரசீதைக் காட்டினால் அந்தப் பிரிவு எழுத்தர் மாறிவிட்டார், புதியவர் இன்னும் சார்ஜ் எடுக்கவில்லையாம். கடைசியாக ஒருவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்: "உங்க ஸ்கூல்ல இயற்பியல் போஸ்ட் காலின்னுதானே இருக்கு, காலி போஸ்டுக்கு எப்படிப்பா சம்பளம்?"

ஐயா, காலியாக இருப்பதால்தானே அவரைப் போட்டார்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரையாண்டுத் தேர்வில் வெள்ளத்தால் எங்கள் மதிப்பெண் குறைந்தபோது மீளாய்வுக் கூட்டம் நடந்தது. அதற்கு இயற்பியல் சார்பாக இந்த மிஸ்ஸைத்தான் கூப்பிட்டார்கள். ஏன் குறைந்தது, தவறிய மாணவர் பட்டியல் எங்கே, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார்கள், எழுத்துப்பூர்வமாக விளக்கமும் வாங்கிக்கொண்டார்கள். அப்போது அவர் ஆசிரியர். மே மாதம் ரிசல்ட் வந்து, எங்கள் பள்ளியில் இயற்பியலில் ஒருவர்கூடத் தவறவில்லை என்று தெரிந்தபோது, பாடவாரித் தேர்ச்சிப் பட்டியலில் இயற்பியலுக்கு நேரே ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'காலிப் பணியிடம்' என்று போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் நாங்களே பார்த்தோம். கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும், பாராட்டவும் சம்பளம் கொடுக்கவும் ஆள் இல்லை. எங்களை நூறு சதவீதம் பாஸ் செய்ய வைத்தது யார் ஐயா, காலி நாற்காலியா?

எங்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதுதான், பாதிப் பேருக்கு இன்னும் ஓட்டுரிமைகூட இல்லை, அதனால் எங்கள் மனுவுக்கு அவசரமில்லை என்று நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஆன்லைனில் போட்ட மனுவுக்கு 'தங்கள் கோரிக்கைக்குத் தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்புவது மட்டும் பொறுக்கவில்லை. எந்தத் தீர்வு, யார் கண்டது? அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சம்பளம் ஏறிவிட்டது என்று நம்பி மிஸ்ஸுக்கு போன் போட்டோம். அவர் பாஸ்புக்கைப் பதிவு போடப் போயிருக்கிறார். வங்கிக் கணக்கில் ஒன்றுமில்லை. அன்றைக்கு அவரிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

4. அனுபவச் சான்றும் தரவில்லை. தனியார் பள்ளியில் வேலைக்குப் போகலாம் என்றால் அதைக் கேட்கிறார்கள்.

5. எங்களுக்கு அவர் செய்தது பாடத்தோடு நிற்கவில்லை. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் கல்லூரி வாசல் மிதித்தவர் கிடையாது. அப்பா படகுக்குப் போவார், அல்லது சிப்காட்டில் ஒப்பந்த வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இன்ஜினியரிங் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வரும் என்று வீட்டில் அம்மாக்களை உட்கார வைத்துச் சொன்னது இவர்தான். முதல் பட்டதாரிச் சான்றுக்கு யாரிடம் போக வேண்டும், எந்தச் சான்றில் இனிஷியல் தப்பாக இருக்கிறது, எல்லாம் அவர் போனில்தான் பார்த்தோம். ஏப்ரலோடு விடுவித்த பிறகும் மே மாதம் முழுக்க இதைச் செய்தார். எந்த ஆணையும் இல்லாமல், எந்தச் சம்பளமும் இல்லாமல். அரசு இவ்வளவு திட்டம் போட்டிருக்கிறது, மறுக்கவில்லை, வாங்கிப் பயனடையப் போகிறவர்களும் நாங்கள்தான். அதை எங்கள் வீட்டுத் திண்ணை வரை கொண்டுவந்து சேர்த்தவரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

6. ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறந்துவிட்டது. இயற்பியல் பீரியட் வந்தால் ஜூனியர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களில் ஒருவரின் தங்கை அந்த வகுப்பில்தான் இருக்கிறாள், தினமும் வந்து சொல்கிறாள்: இன்றும் யாரும் வரவில்லை. மறுபடி வேதியியல் சார் தலையில்தான் விழப்போகிறது. பழைய மிஸ்ஸையே கூப்பிடலாமே என்றால், பாக்கியைக் கொடுக்காமல் எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே கேட்கிறார்கள்.

ஆகவே ஐயா, நாங்கள் கேட்பது:

அ) ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை உடனே கொடுக்கச் சொல்லுங்கள். தவணை வேண்டாம், பரிசீலனை வேண்டாம், வேலை பார்த்ததற்குக் கூலி.

ஆ) அனுபவச் சான்று. ஒரு கையெழுத்துதான்.

இ) நிரந்தர ஆசிரியர் வரும்வரை, அவருக்கு இன்னும் மனமிருந்தால், அவரையே தொடர ஆணை கொடுங்கள், சம்பளம் எந்தத் தேதிக்குள் வரும் என்று அந்த ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள். நிரந்தரப் பணியிடத்தையும் அடுத்த கலந்தாய்வில் காலியிடமாகக் காட்டி நிரப்புங்கள், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை ஜூனியர்கள் காத்திருக்க முடியாது, வருகிற மார்ச்சில் அவர்களுக்கும் பொதுத்தேர்வு.

ஈ) தேர்ச்சிப் பட்டியலில் அந்தக் கட்டத்தைத் திருத்தி அவர் பெயரைப் போடுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம், முதலில் அந்தச் சம்பளம். மற்றதெல்லாம் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்கிறோம், அவர் வீட்டு வாடகை பொறுக்காது. மேலே கோபமாக ஏதும் எழுதியிருந்தால் வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுங்கள், ஆனால் மனுவைத் தள்ளிவிடாதீர்கள் ஐயா.

பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டாம். நாங்கள் கல்லூரிக்குப் பல ஊர்களுக்குப் போய்விடுவோம், அதனால் கடிதமாகப் பள்ளி முகவரிக்கே அனுப்பினால் தலைமையாசிரியர் எங்களுக்குச் சொல்லிவிடுவார். நேரில் வரச் சொன்னால் உள்ளூரில் இருப்பவர்கள் எந்தத் திங்கட்கிழமையானாலும் வருகிறோம், பதிவேட்டு நகலும் முத்திரை போட்ட ரசீதும் எங்களிடம் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
2024-25 பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியர்
(கையெழுத்துகள் இணைப்பில், பெற்றோர் சிலரும் கையெழுத்திட்டுள்ளனர்)

இடம்: கடலூர்
நாள்: ஜூன் 2025

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், வருகைப் பதிவேட்டு நகல் அனுப்பிய ரசீது, 'தீர்வு காணப்பட்டது' குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்.