கம்பம் பள்ளத்தாக்குக்கு சைக்கிள் மிதிக்க வர்ற குரூப் அட்மின்களுக்கு

சென்னை, கோவை, மதுரை, பெங்களூருன்னு நாலா பக்கமும் இருந்து வீக்கெண்டுக்கு எங்க பக்கம் சைக்கிளோட வர்ற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், குறிப்பா ரூட் மேப் போட்டு டைம் ஃபிக்ஸ் பண்ற அட்மின்களுக்கும் வணக்கம். நான் கம்பத்துக்காரன், நானும் ரோடு பைக் சைக்கிள் தான் மிதிக்கிறேன், அதனால "லோக்கல் ஆளு நம்மள வராதேங்கிறான்"னு ஆரம்பத்துலயே முடிவு கட்டிறாதீங்க. வாங்க, தாராளமா வாங்க. காலை அஞ்சரைக்கு போடிமெட்டு மலை அடிவாரத்துல இருக்குற முந்தல்ல ஸ்டார்ட்னு போஸ்டர் போடுறீங்கல்ல, அதை மட்டும் மாத்துங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

ஏன்னா அது ஜீப் நேரம். போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர், இப்படி அடிவாரத்துல இருக்குற ஊர்ல எல்லாம் விடியுறதுக்கு முன்னாடியே ஜனங்க மலைக்கு கிளம்பிருவாங்க, இடுக்கி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு கூலி வேலைக்கு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளின்னு மூணு பாதையிலயும். முக்காவாசி பொம்பளையாளுங்க தான். ஆடி ஆவணியில காய் எடுப்பு ஆரம்பிச்சா தை வரைக்கும் அந்த கூட்டம் குறையாது. பத்து பேர் உக்கார வேண்டிய வண்டியில அதுக்கு மேலயே இருப்பாங்க, சேலைக்கு மேல முழுக்கை சட்டை, மடியில தூக்குவாளி, தலையில துண்டு, பின்னாடி கம்பியை புடிச்சுக்கிட்டு பாதி தூக்கத்துல. டிரைவருக்கு இவங்களை மேல இறக்கி விட்டுட்டு இன்னொரு நடை அடிக்கணும்ங்கிற அவசரம். நேரத்துக்கு போய் சேரலைன்னா வேலைக்கு வந்தவங்க தான் தோட்டத்துல பேச்சு வாங்கணும்.

இந்த வண்டிக்கு முன்னாடி தான் நீங்க போடிமெட்டு ரோட்டோட பதினேழு கொண்டை ஊசி வளைவுலயும் மூணு பேரா சேர்ந்து பேசிக்கிட்டே ஏறுறீங்க. போன சீசன்ல நானே பாத்தேன், ஒரு வளைவுல உள் பக்கம் செங்குத்தா இருக்குன்னு அகலமா எடுத்து நடு ரோட்டுக்கு வந்துட்டாரு ஒருத்தர், அவருக்கு பக்கத்துல இன்னொருத்தர் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு ஒத்தைக் கையில மிதிக்கிறாரு, பின்னாடி வந்த ஜீப் நின்னு போச்சு. ஏத்தத்துல ஆள் பாரத்தோட நின்ன வண்டி மறுபடி நகரணும்னா கிளட்ச் கருகுற வாடை அடிக்கும், வண்டி ஒரு முழம் பின்னாடி வந்து தான் முன்னாடி போகும், அந்த ஒரு முழத்துக்கு உள்ள இருந்த அத்தனை பேரும் கத்துனாங்க. வீடியோ எடுத்தவருக்கு ஹெட்போன்ல எதுவும் கேக்கலை.

ஜீப்காரங்க மேல தப்பே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, நிறைய இருக்கு, ஓவர்லோடு, வளைவுல ஓவர்டேக், சாயங்காலம் இறங்கும்போது பறக்குறது, எல்லாம் தப்பு தான், அதுக்காக நாங்க இங்க கத்திக்கிட்டு தான் இருக்கோம். ஆனா அந்த சண்டை தீருற வரைக்கும் உங்க உசுரும் அந்த ஜீப்புல இருக்குற பதினஞ்சு பேர் உசுரும் ஒரே வளைவுல இருக்கணுமா? நமக்கு அது ஞாயித்துக்கிழமை ஆசை, அவங்களுக்கு அன்னைக்கு அடுப்பு எரியணும். நேரத்தை மாத்திக்கிற வசதி யாருக்கு இருக்கோ அவங்க மாத்திக்கிறது தானே ஞாயம்.

சரி, விடியக்காலையில மலை ஏறக்கூடாதுன்னா என்ன தான் பண்றது. கீழயே மிதிங்க. நிஜமா சொல்றேன், எங்க ஊரோட அழகே கீழ தான் இருக்கு, எல்லாரும் போடிமெட்டு, மேகமலைன்னு மேல பாத்துக்கிட்டே வர்றதுல இதை தவற விட்டுர்றாங்க. போடியில கிளம்பி சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியா உத்தமபாளையம் வர்ற ரோட்டை எடுங்க. வலது கை பக்கம் மலை சுவர் கூடவே வரும், இடது பக்கம் தென்னை, வாழை, அங்கங்க கொத்தமல்லி வாசம் வரும். இளையராஜா ஊரு பண்ணைப்புரம்னு உங்களுக்கே தெரியும், போட்டோ எடுக்காம போக மாட்டீங்க. கோம்பையில நாயை பாத்து பயப்படுறவங்க கொஞ்சம் மெதுவா போங்க, ஊர் பேர்லயே ஒரு நாய் ஜாதி இருக்குன்னா சும்மாவா. உத்தமபாளையத்துல இருந்து ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டின்னு கிழக்கு ஓரமா போனா திராட்சை பந்தலுக்கு நடுவுல தான் ரோடே. 2023ல புவிசார் குறியீடு வாங்குன கம்பம் பன்னீர் திராட்சை அங்க தான் காய்க்குது. பந்தலுக்குள்ள பூந்து பறிக்காதீங்க, தோட்டக்காரர்ட்ட காசு குடுத்து வாங்குங்க, விலை ரொம்ப கம்மி. அப்படியே கூடலூர் தாண்டி லோயர்கேம்ப் போனா மலை மேல இருந்து பெரிய பெரிய குழாய் இறங்கி வர்றது தெரியும், 1895ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணையோட தண்ணி தான் அதுல வந்து கரண்ட் எடுத்துட்டு நம்ம வயலுக்கு போகுது. 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் அந்த தண்ணியில தான் விளையுது. அந்த அணையை கட்டுன பென்னிகுவிக் மணிமண்டபமும் அங்கயே இருக்கு, சைக்கிளை சாத்திட்டு கொஞ்ச நேரம் உக்காரலாம்.

இதுல ஒண்ணு மட்டும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தேனியில இருந்து கம்பம் பக்கம் மிதிச்சுராதீங்க. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லலை, குமுளி பக்கம் இருந்து இறங்குற காத்து மூஞ்சியில அறையும், தட்டையான ரோட்டுல மலை ஏறுற மாதிரி மூச்சு வாங்கும். சைக்கிளை வண்டியில ஏத்தி லோயர்கேம்ப்ல கொண்டு போய் இறக்கிட்டு அங்க இருந்து தேனிக்கு மிதிங்க, காத்தே தள்ளிக்கிட்டு வரும், ஆவரேஜ் ஸ்பீடு பாத்து நீங்களே நம்ப மாட்டீங்க.

இப்ப போடிமெட்டுக்கு வருவோம். ஜீப் எல்லாம் மேல போய் முடிய எட்டு, எட்டரை ஆயிரும். அதுக்கு அப்புறம் முந்தல்ல ஆரம்பிங்க. போடிமெட்டு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏத்தம், ஆனா ஒரே சீரா ஏறும், கியரை போட்டு உக்காந்துட்டா போதும். வெயில் அடிக்குமேன்னு கேப்பீங்க, அடிக்கும், மலை கிழக்கு பாத்து இருக்கு, பாதி வரைக்கும் முதுகு காயும், அதுக்கு மேல காத்து சில்லுன்னு மாறிரும். ரெண்டு பாட்டில் தண்ணி கட்டாயம். கீழ இறங்குறதா இருந்தா மூணு மணிக்குள்ள இறங்கி முடிங்க, நாலு மணிக்கு மேல அதே ஜீப் பின்னாடி இருந்து இறங்கி வரும், வேலை முடிஞ்சு வீட்டுக்கு போற வண்டி காலையில விட வேகமா வரும். முடிஞ்சா இறங்கவே இறங்காம பூப்பாறையில தங்கிட்டு மறுநாள் மூணாறு பக்கம் போயிருங்க, அது தான் சுகம். இன்னொண்ணு, மலை ரோட்டுல ஏறுற வண்டிக்கு தான் முதல் வழி, இறங்குறவன் ஒதுங்கணும், இது சைக்கிளுக்கும் சேத்து தான். இறங்கும்போது நேரம் பாக்குற பந்தயத்தை தயவு செஞ்சு விட்டுருங்க.

கம்பம்மெட்டு தூரம் கம்மி, ஆனா செங்குத்து, காலுக்கு நல்ல வேலை. ஆனா கார்த்திகை, மார்கழியில அந்த பக்கமே தலை வைக்காதீங்க, சபரிமலை சீசன்ல வண்டியெல்லாம் கம்பம்மெட்டு வழியா ஏத்தி குமுளி வழியா இறக்குவாங்க, ராத்திரி பகல்னு இல்லாம வேனும் பஸ்ஸும் வரும், டிரைவர் தூங்கி எத்தனை நேரம் ஆச்சுன்னு யாருக்கு தெரியும்.

மேகமலை சின்னமனூர்ல இருந்து ஏறுறது, பதினெட்டு வளைவுக்கும் பூ பேர் வச்சிருக்காங்க, ரோடு அருமை, டிராஃபிக் கம்மி. அது 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், தென்பழனி செக்போஸ்ட்ல நேரக்கட்டுப்பாடு இருக்கு, காலையில திறந்தா சாயங்காலம் ஆறுக்கு மூடிருவாங்க. "சைக்கிள் தானே சார், சத்தம் கூட வராது"ன்னு ஃபாரஸ்ட் கார்டுட்ட வாதம் பண்ணாதீங்க, சத்தம் வராதது தான் அங்க ஆபத்து, வளைவு திரும்புனா யானை நிக்கும், அதுக்கும் நீங்க வந்தது தெரியாது. அதே மாதிரி போடி பக்கத்துல குரங்கணி ரோடு முடியுற இடத்துல சைக்கிளை போட்டுட்டு மேல நடந்து போகலாம்னு ஐடியா பண்றவங்க 2018 மார்ச்ல அங்க காட்டுத்தீயில மாட்டி எத்தனை பேர் செத்தாங்கன்னு ஒரு தடவை நினைச்சு பாருங்க. அனுமதி இல்லாம ஒரு அடி கூட வைக்காதீங்க.

ஜெல் பாக்கெட், பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் ஜெர்சி பாக்கெட்லயே திரும்பி வரட்டும், குரங்குக்கு பிஸ்கட் போடாதீங்க, இதெல்லாம் நான் சொல்லணுமா.

சென்னைக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. 2023 ஜூன்ல இருந்து சென்ட்ரல்ல ராத்திரி ஏறுனா காலையில போடியிலயே கொண்டு வந்து விடுற ரயில் ஓடுது, வாரத்துக்கு மூணு நாள். சைக்கிளை லக்கேஜ்ல புக் பண்ணிட்டு வாங்க. இறங்கி, சக்கரத்தை மாட்டி, ஸ்டேஷன் வெளிய ரெண்டு இட்லி சாப்பிட்டு கிளம்பும்போது ஜீப் எல்லாம் ஏறி முடிச்சிருக்கும், நேரம் தானா சரியா அமையும். கார்ல ராத்திரியே வந்து லாட்ஜ்ல படுத்து அலாரம் வச்சு அஞ்சு மணிக்கு எந்திரிக்கிற குரூப்புக்கு தான் நான் இவ்வளவு எழுதுனது.

அடுத்த போஸ்டர்ல "காலை 5.30 தேவாரம் ரோடு, 8.45 முந்தல், ஒத்தை வரிசை மட்டும்"னு போடுங்க. வழி காட்ட ஆள் வேணும்னா ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க, கம்பம், உத்தமபாளையத்துல இருந்து எங்க பசங்க யாராவது கூட வருவாங்க, காசு எல்லாம் வேணாம், டீ வாங்கி குடுத்தா போதும்.

இப்படிக்கு,
கம்பத்துல இருந்து ஒரு சைக்கிள்காரன்